முந்திரிகைக் கொடியை அகற்றுவது: தறிப்பதா, கிண்டுவதா, மருந்து பூசுவதா?

எங்கள் வளவில் நின்ற முந்திரிகைக் கொடியை அகற்ற எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அரை நாள் வேலை அது என்று இப்போது தெரிகிறது. அந்த இரண்டு வருடத்தில் தறித்தேன், மருந்து பூசினேன், ஆட்டைக் கட்டினேன், மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் பிடிக்கலாமா என்றும் விசாரித்தேன். எந்த வழி எந்த வளவுக்குச் சரிவரும், எது வீண் அலைச்சல் என்று எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்றால் திராட்சை. நீங்கள் முந்திரி என்பதை நாங்கள் மரமுந்திரிகை அல்லது கஜு என்போம்.

கொடியை நட்டது மாமா. 2011 இல், வன்னியில் உள்ள எங்கள் விசுவமடுவுக்குத் திரும்பி வந்த புதிதில், யாழ்ப்பாணத்தில் ஒரு தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தடி. இஸ்ரேல் ப்ளூ இனம். மாமா இருக்கும்வரை வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டிவிட்டு, எரு போட்டு, மழைக்கு முன் பூஞ்சணத்துக்குப் போர்டோக் கலவை அடித்துப் பார்த்துக்கொண்டார். வெட்டி மூன்றரை, நான்கு மாதத்தில் குலை தொங்கும். அவர் போன பிறகு அதற்கு ஆளில்லை. வெட்டாமல் விட்டால் முந்திரிகை காய்ப்பதை மறந்து படரத் தொடங்கிவிடும். பந்தலைத் தாண்டி முருங்கையில் ஏறி, கிணற்றடித் தகரத்தைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் கூரைப் பீலிக்குள் போய்விட்டது. மாரியில் பீலி அடைத்துச் சுவர் ஊறும். காய்க்கிற ஒன்றிரண்டு குலையை அணிலும் வௌவாலும் முடித்துவிடும். மிச்சம் பூஞ்சணம் பிடித்துக் கருகும். ஒரு நாள் பந்தலில் குளவிக்கூடு. அடுத்த கிழமை மகள் பச்சைப் பாம்பொன்றைக் கண்டாள். அதோடு முடிவெடுத்தாயிற்று.

மாமி மட்டும், "தம்பி, அவர் வைச்ச கொடியெல்லோ" என்றார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கத்தியை எடுக்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: உங்களுக்குக் கொடியே வேண்டாமா, அது படர்ந்து கிடக்கும் கோலம்தான் வேண்டாமா? இரண்டாவது என்றால் அகற்றவே தேவையில்லை. அடித்தண்டையும் பந்தலில் ஏறும் இரண்டு தடித்த கிளைகளையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டி எறியலாம். மொட்டையாக நிற்கும், பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் முந்திரிகை அதைத் தாங்கும். புதுக் கொப்பு வரும், அடுத்த வருடமளவில் காய்க்கும். ஒரே ஒரு நிபந்தனை, அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டவும் மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்கு மருந்தடிக்கவும் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் நான் வேலைக்குப் போய் இருட்டித்தான் வருகிறேன், மனைவிக்குப் பிள்ளைகளின் படிப்பு. இல்லாத ஆளை இருக்கிறதாக நினைத்துத் திட்டம் போட்டால் மூன்று வருடத்தில் அதே பத்தை மறுபடியும் பீலியில் நிற்கும்.

சரி, அகற்றுவது என்றே வைத்துக்கொள்வோம்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு, கைவாளால் நிலத்தோடு ஒட்டத் தறித்தேன். அடித்தண்டு என் முழங்கைக்குக் கீழ்ப்பகுதி அளவு மொத்தம். மாரி முடிந்து மண் முழுக்க ஈரம். தறித்த வாயில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முத்து முத்தாக நீர் கசிந்தது. பின்னேரம் பார்த்தால் ஓரத்தால் வழிந்து கட்டையைச் சுற்றி மண் சகதியாகிக் கிடந்தது. மேலே கொடியில்லை என்பது வேருக்குத் தெரியாது, அது தன்பாட்டில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. நாலாம் நாள், கடையில் வாங்கிய களைநாசினியைப் பழைய பெயின்ற் பிரஷால் கட்டையின் மேல் பூசினேன். மூன்று கிழமையில் எண்ணிப் பார்த்தேன்: 11 முளை. ஒவ்வொன்றும் செம்பச்சை நிறத்தில், முன்பைவிட வேகமாக.

அந்த ஒரு வேலையில் மூன்று பிழை. மாதம் பிழை. மருந்து பூசிய நாள் பிழை. மூன்றாவது பிழை எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது, ஆகப் பெரியதும் அதுதான்: நிலத்தோடு ஒட்டத் தறித்ததால் கட்டையைப் பிடித்து ஆட்ட எனக்கு ஒரு கைபிடி இல்லாமல் போய்விட்டது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. கட்டையிலிருந்து இருபதடிக்கு மேல் தள்ளி, உடுப்புத் தோய்க்கும் கல்லடியில் புதிதாக ஒரு முந்திரிகை முளைத்தது. அடுத்த வளவு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது வேரிலை வாறது. வேர் முழுக்கக் கிண்டி எடுக்காமல் உது உன்னை விடாது" என்றார். நானும் நம்பினேன். வேர் கிணறு வரைக்கும் போயிருக்கும், மதிலுக்குக் கீழே போயிருக்கும் என்று மனதுக்குள்ளேயே வளவு முழுவதையும் கிண்டிப் பார்த்துக் களைத்துவிட்டேன். பெக்கோவுக்கு விலை கேட்டது அப்போதுதான்.

பிறகு ஒரு ஞாயிறு, கல்லடி முளையைப் பிடித்து மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே போனேன். அரை அடி ஆழத்தில் ஒரு விரல் மொத்தத்தில் பழுப்பு நிறக் கயிறுபோல ஒன்று கட்டையை நோக்கிப் போனது. வேர்தான் என்று நினைத்தேன். மண்ணைத் தட்டி வெளிச்சத்தில் பார்த்தால், சாண் தூரத்துக்கு ஒன்றாகக் கணு. கணுவுக்குக் கணு கீழே வேர் விட்டிருக்கிறது, மேலே அரும்பு. அது வேரே இல்லை. பந்தலிலிருந்து தொங்கி நிலத்தில் கிடந்த பழைய கொப்பு. எப்போதோ மழை மண் மூடி, அது பதியம் போட்டதுபோல வேர்பிடித்துவிட்டது.

முந்திரிகையை அகற்றுகிற எவருக்கும் தெரிந்திருக்கவேண்டிய விஷயம் இது. முந்திரிகை வேரில் அரும்பு இல்லை. வேரை அறுத்து மண்ணுக்குள் விட்டால் அது உக்கிப்போகும், முளைக்காது. முளைப்பது தண்டு: நிலத்துக்கு மேலே உள்ள கட்டை, நிலத்துக்குள் புதைந்து கிடக்கும் அடித்தண்டு, மண் மூடிய கொப்பு. கணு இருந்தால் தண்டு, கணு இல்லாவிட்டால் வேர். அதாவது வளவு முழுக்கக் கிண்டத் தேவையில்லை. வேர்கள் கிளம்புகிற இடம்வரை, மாமா தடியை எவ்வளவு ஆழத்தில் நட்டாரோ அவ்வளவு ஆழத்துக்கு, அடித்தண்டு முழுதாக வெளியே வந்தால் போதும். எங்கள் கொடியில் அது ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூட.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எல்லா வழிகளின் விலையும் மாறிவிடுகிறது. கிண்டுவதுதான் ஆகக் கஷ்டமான வழி என்று நினைத்திருந்தேன். பெரும்பாலான வளவுகளுக்கு ஆக மலிவானதும் ஒரேயடியாக முடிவதும் அதுதான்.

மாதம் பார்த்துக் கிண்டவேண்டும். வன்னியில் ஆடி, ஆவணியில் மண் கல்லாகிக் கிடக்கும். அலவாங்கு (கடப்பாரை) போட்டால் பொறி பறக்கும். கார்த்திகை, மார்கழியில் குழிக்குள் தண்ணீர் ஊறும். இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சோளகக் காற்று அடிக்கிற ஆடியில் மேல்பாகத்தை வெட்டி இறக்குங்கள். இலை காய்ந்தால் பாரம் குறையும், குளவிக்கூடு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அடித்தண்டை மட்டும் மூன்றடி உயரத்துக்கு விடுங்கள். அந்த மூன்றடிதான் பிறகு உங்களுக்கு நெம்புகோல். தண்ணீர் ஊற்றாதீர்கள், வருகிற முளையைக் கண்டபோதெல்லாம் உடைத்துவிடுங்கள். ஐப்பசியில் முதல் இரண்டு மழை விழுந்து மண் இளகியதும் கிண்டுங்கள். மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் தண்டைச் சுற்றிச் சின்னப் பாத்தி கட்டி, இரண்டு நாள் பின்னேரங்களில் நாலைந்து வாளி தண்ணீர் விட்டாலும் மண் விட்டுக்கொடுக்கும்.

கிண்டும்போது தண்டுக்குக் கிட்டவே தொடங்கக்கூடாது. ஒன்றரை அடி தள்ளி வட்டமாக மண்ணை எடுத்து உள்ளுக்கு வந்தால் வேர்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். மண்வெட்டியால் கொத்தினால் வேர் துள்ளும்; கோடரியின் ஒரு வெட்டில் அறும். நாலைந்து தடித்த வேர் அறுந்ததும் மூன்றடித் தண்டைப் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டுங்கள். எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே கிறீச்சென்று கேட்கும். அந்தப் பக்கம் அலவாங்கு போட்டால் சரி. என் கட்டையில் பிடிக்க ஒன்றுமில்லாததால் அதற்குக் கயிறு கட்டி, குழிக்குள் குந்தியிருந்து நெம்பியதில் முதுகு பிடித்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

எங்கள் ஊரில் கிண்டுவதற்கு முன் இன்னொன்றும் யோசிக்கவேண்டும். குடியிருக்கும் வளவுகள் கண்ணிவெடி அகற்றப்பட்டவைதான். ஆனாலும் கிண்டும்போதும் குப்பை எரிக்கும்போதும் வெடித்த கதை வன்னியில் யாருக்கும் புதிதல்ல. மேல் மண்ணில் துப்பரவானதென்றாலும் ஒன்றரை அடி கீழே துருப்பிடித்த ஏதாவது கிடக்கலாம். அலவாங்கு இரும்பில் பட்டுச் சத்தம் மாறினால் நிறுத்துங்கள். தொடவேண்டாம், எடுத்து எறியவேண்டாம், அடையாளம் வைத்துவிட்டு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். 119 க்கு அடித்தாலும் சரி. வெட்டிய கொடியைக் கிண்டாத மூலையில் குவித்துக் கொளுத்துவதும் இதே காரணத்தால் எனக்குப் பிடிக்காது.

பெக்கோ பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கொடிக்குப் பெக்கோ பிடிப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. வேலியில் இரண்டு கதியால் பிடுங்காமல் அது உள்ளே வராது, தண்ணீர்க் குழாய் உடையும். பழைய தோட்டம் ஒன்றில் பத்துப் பதினைந்து கொடி வரிசையாக நின்று, பந்தல் தூணையும் சேர்த்து எடுப்பதென்றால் மட்டும் கணக்கு ஒத்துவரும்.

மருந்துக்கு வருவோம். நான் இரண்டு தடவை பூசினேன்: ஒரு தடவை வேலை செய்யவில்லை, ஒரு தடவை செய்தது. இரண்டும் ஒரே போத்தல். வித்தியாசம் நேரத்தில்தான். தறித்த வாய் காய்ந்து மூடுமுன், ஐந்து நிமிடத்துக்குள் பூசவேண்டும். நான் முதல் தடவை நாலு நாள் கழித்துப் பூசினேன். மாரியில் நீர் சொட்டுகிற கட்டையில் பூசினால் அந்த நீரே மருந்தைக் கழுவி வெளியே விட்டுவிடும். இரண்டாவது தடவை ஆடியில், காய்ந்த மண்ணில், ஒரு கையில் வாளும் மற்றக் கையில் பிரஷுமாக நின்று செய்தேன். முழு வாயையும் நனைக்கத் தேவையில்லை. பட்டைக்கு உள்பக்கமாக ஓடுகிற அந்த ஈரமான வளையத்தில் பட்டால் போதும், நடு வைரம் ஒன்றையும் கீழே கொண்டுபோகாது. அந்தக் கட்டை பிறகு முளைக்கவில்லை. அது நான் தையில் தறித்த கட்டை அல்ல, மதில் அத்திவாரத்துக்குள் தண்டைச் செருகிக்கொண்டு நின்ற வேறொரு கட்டை. அங்கே அலவாங்கு போட்டால் மதில்தான் வந்திருக்கும். மருந்துக்குச் சரியான இடம் என்றால் அப்படிப்பட்ட இடம்.

நான் பூசியது கிளைபோசேட். இலங்கையில் அதற்கு ஒரு பெரிய கதை உண்டு: 2015 இல் தடை, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2022 இல் தடை நீக்கம். தடைக்குக் காரணமாகச் சொன்னது சிறுநீரக நோய். வவுனியாப் பக்கம் அந்த நோய் கண்ட குடும்பங்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே கசக்கும், அதில் பிழை சொல்லவும் முடியாது. தொடர்பு விஞ்ஞான ரீதியில் உறுதியானது என்று சொல்லமுடியாது. ஆனால் கிணற்றுக் கட்டோடு நிற்கிற கொடிக்கு நான் மருந்து பூசமாட்டேன். பூசுவதென்றால் லேபல் ஒட்டிய போத்தலை மட்டும் வாங்குங்கள், அளவை லேபலில் பாருங்கள், விளங்காவிட்டால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். ஒரு கட்டைக்குத் தேவை நாலைந்து தேக்கரண்டி. மிச்சப் போத்தலை வீட்டில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த வளவு அண்ணையிடம் வயலுக்குக் கொடுத்துவிட்டேன்.

இலைக்கு அடிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். வேண்டாம். பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது, அடிக்கிற மருந்தில் பாதி அடிப்பவர் முகத்தில் விழும். மீதியைச் சோளகம் வாழைக்கும் பப்பாசிக்கும் கொண்டுபோகும். வயல்காரர் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற எம்.சி.பி.ஏ. தூரத்திலிருந்து காற்றில் வந்தாலே முந்திரிகை இலை விசிறிபோலச் சுருங்கும். "அப்ப அதையே அடிச்சால் என்ன?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். இலை சுருங்குவது வேறு, கொடி சாவது வேறு. அதற்குள் வளவிலுள்ள பயிற்றையும் முருங்கையும் போய்விடும்.

ஆடு நல்ல வழி, ஆனால் பொறுமை வேண்டும். முந்திரிகை இலை ஆட்டுக்கு நல்ல விருப்பம், கெடுதியும் இல்லை. கட்டையைச் சுற்றிக் கயிற்றில் கட்டிவிட்டால் முளை விரல் நீளம் வருமுன் முடித்துவிடும். முளை விடுவதும் ஆடு கடிப்பதுமாக வேரில் உள்ள சேமிப்புக் கரைந்து ஒரு நாள் கட்டை செத்துவிடும். வருடமொன்று, சிலவேளை அதற்கும் மேல் போகும். நான் கட்டிய ஆடு மூன்றாம் கிழமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மாமியின் செவ்வரத்தையை முடித்தது. அத்தோடு அந்தப் பரிசோதனை நின்றது. கிண்ட ஆளில்லாத வயதானவர்கள், வீட்டில் ஆடும் வைத்திருந்தால், இதைத்தான் செய்யவேண்டும். மருந்து பூசிய கட்டைக்குக் கிட்ட மட்டும் கட்டாதீர்கள்.

ஆடில்லாதவர்கள் கறுப்புப் பொலித்தீனை நான்கு மடிப்பாகக் கட்டையில் கட்டி, மேலே மண் போட்டு மூடலாம். வெளிச்சம் கிடைக்காமல் முளை வெள்ளையாக வந்து சோரும். மெதுவான வழி, ஆனால் கிணற்றடிக்குப் பயமில்லை.

உப்புக் கொட்டுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, பழைய என்ஜின் ஒயில், கட்டைக்கு மேல் நெருப்பு மூட்டுவது எல்லாம் யாராவது சொல்வார்கள். உப்பும் எண்ணெயும் கொடியைக் கொல்லுமோ இல்லையோ, அந்த இடத்தில் பிறகு ஒன்றும் வராது. மழையோடு கிணற்றுக்கும் போகும். நெருப்பு மேலே கருக்கும், மண்ணுக்குள் உள்ள அரும்பைத் தொடாது.

ஆக, வளவைப் பார்த்து முடிவெடுங்கள். கட்டை வெட்டையில் நின்றால் கிண்டுங்கள், வேறு யோசிக்கவேண்டாம். மதிலுக்குள்ளோ மலகூடக் குழியின் சீமெந்துக்குள்ளோ செருகி நின்றால் ஆடியில் தறித்து உடனே மருந்து. கிணற்றுக் கட்டோடு நின்றால் பொலித்தீன் அல்லது ஆடு, மருந்து இல்லை. வீட்டுக்கு வருகிற கரண்ட் வயரில் கொடி சுற்றியிருந்தால் எதையும் தொடங்காமல் முதலில் மின்சார சபைக்குச் சொல்லி லைனை நிறுத்துங்கள். நான் அதை மூங்கிலால் தட்டி எடுக்கப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டினேன்.

வெட்டிய கொடியை வாய்க்கால் பக்கமோ ஈரமான மூலையிலோ போடக்கூடாது. கணு மண்ணில் பட்டு ஈரமும் இருந்தால் அதுவும் வேர்பிடிக்கும். பச்சை இலையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கொப்புகளைக் கூரைக்குக் கீழே தகரத்தின் மேல் இரண்டு மாதம் காயவிட்டேன். நன்றாகக் காய்ந்தால் அடுப்பு மூட்டுவதற்குப் பன்னாடையைவிடத் திறம்.

மாமிக்கு மட்டும் பென்சில் மொத்தத்தில் நான்கு கணுத் தடி மூன்று வெட்டிக் கொடுத்தேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில், இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டிருக்கிறார். இரண்டு பிடித்துவிட்டது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி, பீலிக்கு எட்டாத தூரம். வெட்டுகிற பொறுப்பு மாமியுடையது என்று பேசியிருக்கிறோம். அவருக்கு இப்போது 71.